குளக்கட்டுக்கு மண் கொட்டினால் போதாதா?

கேள்வி சுருக்கமாக இது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு ஊர். உடைப்பெடுத்துப் பல வருடம் காடுபற்றிக் கிடந்த குளத்தை இப்போது திருத்துகிறார்கள். கட்டு, மிக உயர்ந்த இடத்தில் ஆறு மீற்றர். கமக்கார அமைப்பில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "பக்கத்துக் காட்டிலேயே கிரவல் இருக்கிறது, டிப்பரும் இருக்கிறது. கொட்டி ரோலரை ஓட்டினால் முடிகிற வேலைக்கு ஏன் இவ்வளவு இழுபறி? சோதனை என்று காத்திருக்கிறார்கள், கொட்டிய மண்ணையே திரும்ப அள்ளுகிறார்கள். இதற்கு ஒரேயடியாகக் கொங்கிறீற்றில் கட்டிவிடலாமே? கூட நின்று பார்க்கிற நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?"

கொங்கிறீற்றை முதலில் முடித்துவிடுகிறேன். கொங்கிறீற்று அணை ஒடுக்கமான அடியில் தன் முழுப் பாரத்தையும் இறக்கும். அதற்குக் கீழே இறுகிய பாறை வேண்டும். வன்னியில் பாறை இல்லாமல் இல்லை. ஆனால் ஆற்றுப் பள்ளங்களில் அது வண்டலுக்கும் உக்கிய கல்லுக்கும் அடியில் ஏறியும் இறங்கியும் கிடக்கும். அதன் மேல் விறைப்பான சுவரை நிறுத்தினால் ஒரு பக்கம் இறங்கும், மறுபக்கம் நிற்கும், நடுவில் வெடிக்கும். மண் கட்டு கொஞ்சம் இறங்கினாலும் வளைந்து கொடுக்கும். அத்தோடு எங்கள் பள்ளத்தாக்குகள் ஆழமில்லாதவை, அகலமானவை. கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடு, பாலியாற்றை மறித்த வவுனிக்குளம், பேராற்றை மறித்த முத்தையன்கட்டு எல்லாமே உயரம் குறைந்த, நீளம் கூடிய மண் கட்டுகள்தான். கொங்கிறீற்றும் கல்லுக்கட்டும் துருசுக்கும் (தண்ணீர் திறந்துவிடும் மதகு) வானுக்கும் (மிஞ்சிய நீர் வழிந்தோடும் இடம்) மட்டும். அவ்வளவு நீளத்துக்குச் சீமெந்து வாங்கக் கட்டுப்படியாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சரி, மண்ணுக்கு வருவோம். உங்கள் ஆறு மீற்றர் கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் அகலம் நாலு மீற்றர், குளப்பக்கச் சரிவு ஒன்றுக்கு மூன்று (ஒரு மீற்றர் உயரத்துக்குக் கிடையாக மூன்று மீற்றர்), வயல்பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டரை என்று வைத்தால் அடி அகலம் 37 மீற்றர் வரும். ஒரு மீற்றர் நீளத்துக்கு நெருக்கிய மண் 123 கன மீற்றர், எங்கள் கணக்கில் 43 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). வெட்டி அள்ளிய மண் கால்வாசி ஊதிக் கிடக்கும் என்பதால், மூன்று கியூப் டிப்பரில் ஏறக்குறைய பதினெட்டு லோட். கட்டின் ஒரே ஒரு மீற்றருக்கு!

இந்தப் பாரத்தைத் தண்ணீர் தள்ளி விழுத்திவிடும் என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். குளம் விளிம்புவரை நிறைந்தாலும் அந்த ஒரு மீற்றர் நீளத்தைத் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும் விசை 18 தொன் அளவுதான். எதிரே நிற்கும் மண் 240 தொன்னுக்கு மேல். தள்ளுப்பட்டுக் குளக்கட்டு போவது மிக அரிது. தண்ணீர் மேலால் பாய்ந்து கட்டை அறுக்கும், அல்லது உள்ளால் வழி கண்டுபிடித்து மண்ணைத் தூக்கிக்கொண்டு போகும். இந்த இரண்டும்தான் குளத்தை உடைக்கிறவை. சரிவு வழுக்கி இறங்குவது மூன்றாவது. குளத்தைச் சடுதியாக வற்றவிட்டால் ஊறிய மண் தாங்கலில்லாமல் குளப்பக்கம் சரியும் என்பதால்தான் அந்தப் பக்கத்தைக் கூடுதலாகச் சாய்க்கிறோம். அதை அத்தோடு விடலாம். உங்கள் ஊரில் நடக்கும் இழுபறியில் பெரும்பகுதி இரண்டாவதற்காக, அதாவது உள்ளால் போகும் தண்ணீருக்காக.

எந்த மண் கட்டும் தண்ணீரை முற்றாக மறிக்காது. குளம் நிறைந்து நின்றால் கட்டின் உடம்பு ஊறும், ஊறல் வயல்பக்கம் இறங்கிக்கொண்டே வரும். கட்டுகிறவனுடைய வேலை அதை நிறுத்துவதல்ல. மெதுவாக்குவதும், எந்த இடத்தால் வெளியே வரவேண்டும் என்று தான் தீர்மானிப்பதும்தான். நல்ல மண்ணை ஒழுங்காக நெருக்கினால் அதன் உடம்புக்குள் தண்ணீர் போகும் வேகம் அற்பம். ஆபத்து எப்போதும் சந்துகளில் இருக்கிறது. மண் நிலத்தோடு சேரும் இடம், புது மண் பழைய மண்ணோடு சேரும் இடம், ஒரு மண் படை (அடுக்கு) இன்னொரு படையோடு சேரும் இடம், எல்லாவற்றையும் விட மண் கொங்கிறீற்றோடு சேரும் இடம். நீங்கள் வேலைத்தளத்தில் நின்று பார்ப்பதாக இருந்தால் நடுவில் நின்று ரோலரைப் பார்க்காதீர்கள். ஓரங்களில் நில்லுங்கள்.

நிலத்தோடு சேரும் இடம் முதல். கட்டு இருக்கப்போகும் அகலம் முழுவதும் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். புல், வேர், உக்கல் ஒன்றும் மிஞ்சக்கூடாது. பாலை, வீரை மரங்களை அறுத்துவிட்டுக் குற்றியை விட்டால், சில வருடத்தில் வேர் உக்கி அந்த இடத்தில் ஒரு குழாய் இருக்கும். கறையான் புற்றையும் அடிவரை தோண்ட வேண்டும். புற்று மண் நல்ல பசை மண்தான், ஆனால் அதற்குக் கீழே ஓடும் பொந்துகள் எங்கே போய் முடிகின்றன என்று யாருக்கும் தெரியாது. பிறகு கட்டின் நீளத்துக்கு ஒரு அகழி வெட்டி, மணல் படையைக் கடந்து இறுகிய களியையோ உக்கிய பாறையையோ தொடும்வரை இறக்கி, அதைக் களிச் சேர்த்தி கூடிய மண்ணால் படை படையாக நிரப்புவார்கள். வெளியில் தெரியாத இந்த மறிப்பு அகழியில்தான் காசு போவதாகத் தோன்றும். உண்மையும் அதுதான்.

உங்கள் குளத்தில் பழைய உடைப்பு ஒன்று இருக்கிறது அல்லவா, அதுதான் கட்டில் மோசமான இடம். உடைத்துக்கொண்டு போன தண்ணீர் அந்த இடத்தில் மடு தோண்டியிருக்கும். பிறகு வந்த ஒவ்வொரு மாரியும் அதற்குள் மணலையும் சேற்றையும் இலைக்குப்பையையும் கொண்டுவந்து நிரப்பியிருக்கும். மேலே பார்த்தால் தரை போல இருக்கும். தண்ணீரை இறைத்து, சேற்றை அள்ளி, இறுகிய தரை காணும்வரை இறங்காமல் அதன் மேல் கட்டினால் மீண்டும் அதே இடத்தில் உடையும். "கொட்டியதையே திரும்ப அள்ளுகிறார்கள்" என்று நீங்கள் சொல்வது அந்த இடமாக இருந்தால், அள்ளுகிறவர்களை வாழ்த்துங்கள்.

பழைய கட்டோடு புது மண்ணை ஒட்டும்போதும் இதே கதை. பழைய சரிவின் மேல் அப்படியே மண் கொட்டினால் இரண்டும் சேரும் கோடு அணைக்குள் ஒரு வழுக்குப் பாதையாக நிற்கும். பழைய சரிவைப் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் புது மண்ணைப் பூட்டிக்கொண்டு ஏற வேண்டும். இரணைமடுவின் வேலை 1902இல் தொடங்கி முடிய இருபது வருடம் அளவில் ஆனது. பிறகு பல கட்டங்களாக அதை உயர்த்தினார்கள், திருத்தம் முடித்து 2018 டிசம்பரில் மீண்டும் திறந்தார்கள். இப்படி ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் இந்தப் படி வெட்டும் வேலை முதலில் வருகிறது. புதுக் கட்டுக்கு இல்லாத தலையிடி இது.

மண் தெரிவு பற்றி. தனிக் கிரவல் ஒழுகும். தனிக் களி இன்னொரு விதமாக ஏமாற்றும். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றிக் கட்டு காய்ந்ததும் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழை அந்த வெடிப்பால் நேரே உள்ளே இறங்கும். களியும் மணலும் கிரவலும் கலந்த செம்மண்தான் எங்கள் பக்கத்துக்கு ஏற்றது, அது வன்னியில் தாராளமாக இருக்கிறது. ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டி மூன்று மில்லிமீற்றர் நூலாக்கிப் பாருங்கள். நூலே வராவிட்டால் களி போதாது. இன்னும் மெல்லிதாக, பென்சில் கரி அளவுக்கு உருட்டியும் முறியாவிட்டால் களி அளவுக்கு மிஞ்சியது.

இன்னொரு சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தெளிந்த மழைநீர் ஒரு கிளாசில் எடுத்து, சுண்டைக்காய் அளவு மண்கட்டி ஒன்றை மெதுவாகப் போட்டு, அசைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். கட்டி சும்மா சரிந்து அடியில் கிடந்தால் பரவாயில்லை. அதைச் சுற்றிப் பால் கலந்தது போல மங்கலாகக் கலங்கி, அந்தக் கலங்கல் பரவிக்கொண்டே போனால் அந்த மண்ணைக் குளக்கட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாது. உவர் கலந்த தாழ்நிலங்களில் இப்படிப்பட்ட களி உண்டு. பார்க்க அருமையான களியாக இருக்கும், ஆனால் தண்ணீர் பட்டதும் தானாகக் கரைந்து ஓடும். எவ்வளவு நெருக்கினாலும் அந்தக் குணம் போகாது. கிணற்று நீரில் செய்யாதீர்கள், அதிலுள்ள உப்பு சோதனையைக் கெடுக்கும்.

நெருக்குவதில் ரோலரின் பாரத்தைவிடத் தண்ணீரின் அளவு முக்கியம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கலிபோர்னியாவில் அணை வேலையில் இருந்த பிரொக்டர் என்ற பொறியியலாளர் 1933இல் இதை ஒரு சோதனையாக்கிக் கொடுத்தார், இன்றும் நாங்கள் நடப்பது அதன்படிதான். ஒரே மண்ணை ஒரே அளவு இடித்தாலும், உலர்ந்திருந்தால் அது இறுகாது, கூட நனைந்திருந்தாலும் இறுகாது. நடுவில் ஒரு ஈரப்பதத்தில்தான் உச்ச அடர்த்தி கிடைக்கும். ஆய்வுகூடத்தில் அந்த உச்சத்தைக் கண்டுபிடித்து, கட்டில் அதன் 95 வீதமோ 98 வீதமோ வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். தளத்தில் தண்ணீர்ப் பவுசரோடு நிற்கிறவருக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு: ஒரு பிடி மண்ணை இறுக்கி உருண்டையாக்கி இடுப்புயரத்திலிருந்து போடுவது. இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. பொடியானால் தண்ணீர் விடு. சப்பட்டையாக ஒட்டிக்கொண்டால் காயவிடு.

இப்படி ஒவ்வொரு படையும் நெருக்கிய பிறகு பதினைந்து முதல் இருபது சென்ரிமீற்றர்தான் இருக்கும். அரை மீற்றர் தடிப்பில் பரவி ரோலரை ஓட்டினால் மேல் பாதி மட்டும் இறுகும், கீழ்ப் பாதி உதிரியாக உள்ளே மாட்டிக்கொள்ளும். பிறகு அது யாருக்கும் தெரியாது, தண்ணீரைத் தவிர. உருளையில் குளம்பு போலக் கட்டைகள் துருத்திய ரோலர் இதற்கு நல்லது, கீழிருந்து மேலாக இறுக்கும். மாட்டு மந்தையைச் சாய்த்து மிதிப்பித்த பழைய முறையின் சூத்திரமும் இதுவே. வழுவழுப்பான உருளை ஓடிய படை மினுங்கும். அதன் மேல் அடுத்த படையைக் கொட்ட முன் கீறிவிட்டு நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு படைக்கும் நடுவே ஒரு சந்து. ஒவ்வொரு படையிலும் சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்து, குழிக்குள் அளந்த மணலை ஊற்றிக் கொள்ளளவு கண்டு அடர்த்தியைக் கணிக்கிறார்கள். நீங்கள் சொன்ன "சோதனை என்று காத்திருப்பது" இதுதான். தோற்ற படையை அள்ளத்தான் வேண்டும்.

இப்போது துருசு. ஒரு குளத்தில் நான் இரவில் நினைத்துப் பயப்படுகிற இடம் எது என்றால் இதுதான். கட்டின் அடியால், குளப்பக்கமிருந்து வயல்பக்கம்வரை, கொங்கிறீற்றுக் குழாயோ பெட்டியோ ஒன்று போகிறது. மண் காலப்போக்கில் இறங்கும், கொங்கிறீற்று இறங்காது. பெரிய ரோலர் கொங்கிறீற்றை ஒட்டி வரமுடியாது, சாரதி ஒரு முழம் தள்ளியே திருப்புவார். அந்த ஒரு முழத்தைக் கையால் பிடிக்கும் இடி இயந்திரத்தால் பத்து சென்ரிமீற்றர் படையாக நெருக்க வேண்டும். மணிக்கணக்கில் எடுக்கும் சலிப்பான வேலை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அது எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் பார்த்த திருத்த வேலையொன்றில் துருசைச் சுற்றி பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வாளியால் தட்டிவிட்டு மூடினார்கள். முதல் மாரியிலேயே குழாய் வாய்க்குப் பக்கத்தில் கண்ணாடி போல ஊற்று ஒன்று வந்தது. முழுக்கத் தோண்டித்தான் திருத்த வேண்டியிருந்தது.

துருசை ஒட்டி வைக்கும் மண் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் ஈரமாக, களி கூடியதாக இருக்கட்டும், அப்போதுதான் கொங்கிறீற்றில் ஒட்டும். கொங்கிறீற்றின் வெளிப்பக்கம் நேர்குத்தாக இல்லாமல் மேலே ஒடுங்கிச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். மண் இறங்கும்போது சுவரை விட்டு விலகாமல் சுவரின் மேல் அழுந்தும். முன்பு குழாயைச் சுற்றிக் கொங்கிறீற்றுக் காலர் (வளையச் சுவர்) வைத்தார்கள், ஊறல் சுற்றிப் போகட்டும் என்று. ஆனால் காலரின் மூலைகளை நெருக்குவது இன்னும் கடினம் என்று அனுபவம் காட்டியதால், இப்போது குழாயின் வயல்பக்கப் பகுதியைச் சுற்றி மணல் வடிகட்டி வைப்பதையே விரும்புகிறார்கள்.

வடிகட்டி என்றது முக்கியமான சாமான். வயல்பக்க அடியில் பருமணல், அதன் பின் சல்லி, அதன் பின் கருங்கல் என்று அடுக்கி வைப்பதை வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். மணலின் இடைவெளி கட்டு மண்ணின் துணிக்கையை விடாத அளவுக்குச் சிறிது, தண்ணீரை விடும் அளவுக்குப் பெரிது. தண்ணீர் வரும், மண் வராது. மண் வராவிட்டால் பொந்து வளராது. அதனால் கண்ட மணலையும் அங்கே கொட்ட முடியாது, அரித்து அளவு பார்த்த மணல் வேண்டும்.

இது இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் முழுக்கப் படிப்பிக்கும் உதாரணம் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இருந்த டீட்டன் அணை. 93 மீற்றர் உயர மண் அணை, முதல் தடவையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் கசிவு தெரிந்தது. பொந்தை அடைக்க இரண்டு புல்டோசர்களை இறக்கினார்கள், இரண்டையும் பொந்து விழுங்கியது, சாரதிகள் தப்பினார்கள். மத்தியானத்துக்குள் அணையின் மேல்விளிம்பு இடிந்து விழுந்தது. வெடிப்புகள் நிறைந்த பாறையோடு மெல்லிய வண்டல் மண் சேர்ந்த இடத்தில், நடுவே வடிகட்டி இல்லாமல், தண்ணீர் வழி கண்டிருந்தது. எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதுவும் பெருவெள்ளம் மேலால் பாய்ந்த உடைப்பு அல்ல.

மேலால் பாய்வது வானின் விசயம். கட்டின் மேல்விளிம்புக்கும் நிறைநீர் மட்டத்துக்கும் இடையே ஒரு மீற்றருக்குக் குறையாமல் வெறுமையாக விடுவதைப் பார்த்து, "அவ்வளவு உயரம் வீணாகிறதே" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் எழும்புவார். வெள்ளம் வான் பாயும்போது ஏறும் உயரமும், காற்றடிக்கையில் ஏறும் அலையும், கட்டு பின்னால் இறங்கப்போகும் அளவும் அதற்குள்தான் அடங்க வேண்டும். அலைக்காகத்தான் குளப்பக்கம் கல் அடுக்குகிறோம். இரணைமடு போல வடக்கு நோக்கி ஓடும் ஆற்றை மறித்த குளத்தில் கட்டு வடக்கே இருப்பதால் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று குளத்தின் முழு நீளத்தையும் கடந்து வந்து கட்டில் அறையும்.

இங்கே கமக்காரரோடு கொஞ்சம் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது. சிறுபோகத்துக்கு (கோடைப் பயிர்) இன்னும் நாலு ஏக்கர் கூட விதைக்கலாம் என்று வானின் மேல் மண்மூட்டை அடுக்குவது எங்கள் பக்கம் சாதாரணம். ஆசை விளங்குகிறது. ஆனால் அரை மீற்றர் மூட்டை அடுக்கினால் கட்டின் காப்பில் அரை மீற்றர் போய்விட்டது. மழை பெரும்பாலும் இரவில்தான் கொட்டும், மூட்டையை இழுக்க அந்த நேரம் ஒருவரும் வானடிக்குப் போக முடியாது. மண் கட்டின் மேல் ஒரு சாண் தண்ணீர் சில மணித்தியாலம் பாய்ந்தால் போதும், வயல்பக்கச் சரிவு அடியிலிருந்து அறுபட்டுக்கொண்டு வரும். கொங்கிறீற்று அணை அதைத் தாங்கும், மண் கட்டு தாங்காது.

காலம் பற்றியும் ஒன்று. மண்வேலைக்கு வன்னியில் கிடைப்பது வைகாசியிலிருந்து புரட்டாதிவரை. காசு ஆடியில் விடுபட்டு, ஆள் ஆவணியில் வந்து, ஐப்பசி மழைக்கு முன் முடிக்கவேண்டும் என்று ஓடினால் எந்தப் படை ஒழுங்காக இருக்கும்? உடைப்பு மூடுவதைப் பாதியில் விட்டு மாரியைச் சந்திப்பதைவிட, அந்த வருடம் உடைப்பைத் தொடாமல் மற்றப் பகுதிகளை முடித்துவிட்டு அடுத்த கோடையில் மூடுவதே புத்தி. ஒரு போகம் தள்ளிப்போகிறது என்று ஊர் ஏசும். ஏசட்டும்.

கடைசியாக, வேலை முடிந்து முதல் மாரி வரும்போது நீங்கள் செய்ய வேண்டியது. குளத்தை அந்த வருடம் முழுக்க நிரப்ப ஆசைப்படாதீர்கள். துருசைத் திறந்துவைத்து, பாதி மட்டத்தில் இரண்டு மூன்று கிழமை நிறுத்தி, பிறகு மெல்ல ஏற்றுங்கள். தினமும் காலையில் ஒருவர் வயல்பக்க அடியால் முழு நீளமும் நடக்கட்டும், துருசு வாயடியில் கொஞ்சம் நேரம் நிற்கட்டும். கட்டின் மேல் பற்றையும் மரமும் இல்லாவிட்டால்தான் இது முடியும், ஆகவே புல்லைத் தவிர ஒன்றையும் வளரவிடாதீர்கள். ஊறல் கண்டால் பதற வேண்டாம். நிறமில்லாத தெளிந்த போத்தலில் பிடித்து ஒரு இரவு வைத்துப் பாருங்கள். தெளிந்த நீர், அளவும் கூடவில்லை என்றால் குறித்துவைத்துக் கவனித்துக்கொண்டிருக்கலாம். அடியில் மண் படிந்தாலோ, நேற்றைய அளவைவிட இன்று கூடினாலோ அன்றைக்கே அறிவிக்க வேண்டும்.

கலங்கலாக வந்தால் போத்தல் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். துருசை முழுதாகத் திறந்து, கீழ்ப் பக்கக் குடும்பங்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்பிவிட்டு, நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல சேவை நிலையத்துக்கோ, குளம் யாருடைய பொறுப்போ அவர்களுக்கு அழையுங்கள். ஊற்று வாயைக் களியாலோ மூட்டையாலோ அடைக்கவே கூடாது, அடைத்தால் பக்கத்தில் வேறு வாய் பிறக்கும். அதன் மேல் பருமணலைக் கொட்டி, மணலின் மேல் சல்லியைக் கொட்டி, தண்ணீர் வரட்டும் மண் வராமல் இருக்கட்டும் என்று விடுங்கள். ஆகவே இரண்டு லோட் பருமணலும் ஒரு லோட் சல்லியும் மழைக்கு முன்பே துருசடியில் குவித்து வைத்திருக்கச் சொல்லி ஒப்பந்தகாரரிடம் இப்போதே கேளுங்கள், வேலை முடிந்து டிப்பர் போன பிறகு கேட்டால் கிடைக்காது.